பாடாங்கும் திரையும்: விளையாட்டுப் படங்களும் நெகிரி செம்பிலான் தோட்டங்களும்

1980 ஏப்ரல் 6 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் காற்பந்துக் குழு தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து நடந்த புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்துகொண்டதால், வென்ற குழு மாஸ்கோவுக்குப் போகவேயில்லை. இந்த நிகழ்வைப் புனைவாக்கி, 36 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த படம் ‘ஓலா போலா’. சியூ கெங் குவான் இயக்கி, ஆஸ்ட்ரோ ஷா தயாரித்த இப்படம் 2016 ஜனவரி 28 அன்று வெளியாகி, ஒன்றரைக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் வசூலித்தது. மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து பேசும் அந்தப் படத்தில் கோல் காவலர் முத்துக்குமார் ஒரு தமிழ் இளைஞர். நடித்தவர் சரண்குமார் மனோகரன். மலேசியாவின் பெரிய வணிகப் படமொன்றில் உழைப்பாளிக் குடும்பத்துத் தமிழ்ப் பையன் நாட்டுக்காக ஆடும் வீரனாக வருவது அரிது. ஆகவே தோட்டப்புறத் தமிழர்கள் இப்படத்தைத் தங்கள் படமாகவும் பார்த்ததில் வியப்பில்லை.

இளைஞர்களுக்கு ஊக்கமூட்டும் விளையாட்டுப் படம் என்பது உலகெங்கும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் எழும் வகை. வறிய பிள்ளைகள், மனம் உடைந்த ஒரு பயிற்றுநர், பொருந்தாத ஒரு குழு, முதலில் படுதோல்வி, நடுவில் பிளவு, கடைசியில் பெரிய ஆட்டம். இந்த வரிசை முன்கூட்டியே தெரியும் என்பதை ஒரு குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் விழப்போவது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். பையனுக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே நிற்பது எது என்று படம் நினைக்கிறது, அதை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதே இவ்வகைப் படங்களைச் சோதிக்கச் சரியான கேள்வி. அது வெறும் தன்னம்பிக்கைக் குறை என்றால் பயிற்றுநரின் ஓர் உரை போதும். அது நிலம், வேலை நேரம், கூலி, பேருந்து என்றால் உரை போதாது.

இவ்வகையை அதிகம் வளர்த்தது அமெரிக்கப் பேஸ்பால் சினிமா. அதற்குக் காரணம் 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டோட்ஸ் தொடங்கிய லிட்டில் லீக். சிறுவர்களுக்கென்றே ஊர் ஊராக அமைந்த அந்தப் போட்டிமுறை, ஆண்டுதோறும் ஓர் உலகத் தொடரில் போய் முடிகிறது. ஊர்த் திடலில் தொடங்கி உலகக் கோப்பையில் முடியும் ஏணி ஏற்கெனவே சாத்தி வைக்கப்பட்டிருந்ததால், திரைக்கதை எழுதுபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்த ஏணியில் ஏறிய உண்மைக் கதைகளில் மிகவும் வியப்பானது 1957இல் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரப் பையன்களுடையது. மான்டெர்ரே எஃகு ஆலைகளின் ஊர். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த 14 சிறுவர்கள் மூன்று நாள் விசாவோடு எல்லைப் பாலத்தை நடந்தே கடந்து டெக்சாஸின் மெக்காலனை அடைந்தார்கள். ஓர் ஆட்டத்தோடு திரும்பிவிடுவார்கள் என்பதே எல்லோருடைய கணக்கு. ஆனால் தொடர்ந்து வென்று வில்லியம்ஸ்போர்ட்வரை போனார்கள். 1957 ஆகஸ்ட் 23 அன்று இறுதியாட்டத்தில் கலிஃபோர்னியாவின் லா மேசா குழுவை 4-0 என்று வீழ்த்தினார்கள். பந்து வீசிய ஆங்கேல் மசியாஸ் எதிரணியின் 18 பேரையும், ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொடவிடாமல், வரிசையாக வெளியேற்றினார். பேஸ்பாலில் இதற்குப் ‘பெர்ஃபெக்ட் கேம்’ என்று பெயர். லிட்டில் லீக் உலகத் தொடரின் இறுதியாட்டத்தில் இப்படி நடந்தது அந்த ஒரு முறைதான். எதிரணிப் பையன்கள் சராசரியாக 35 பவுண்டு கூடுதல் எடை கொண்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வெற்றியின் பருமன் விளங்கும்.

வில்லியம் டியர் இயக்கி, 2010இல் அமெரிக்காவில் திரைக்கு வந்த ‘தி பெர்ஃபெக்ட் கேம்’ இந்தக் கதையைத்தான் சொல்கிறது. பயிற்றுநர் சீசர் ஃபாஸாகக் கிளிஃப்டன் காலின்ஸும், பாதிரியாராகச் சீச் மரினும், மசியாஸாக ஜேக் டி. ஆஸ்டினும் நடித்தார்கள். படம் வெல்லும் இடங்கள் எல்லாம் உடலோடு சம்பந்தப்பட்டவை: எல்லையை நடந்து கடப்பது, பசி, உயரமும் எடையும். தோற்கும் இடங்கள் எல்லாம் உணர்ச்சியைப் பிழிவதற்காகப் பின்னிய இடங்கள். ஆலைக் கூலி ஒரு குடும்பத்தை எந்த அளவுக்கு இறுக்கியது, பயிற்சிக்குப் போன பையன் வீட்டில் எந்த வேலையை விட்டுவிட்டுப் போனான் என்பவற்றைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. நடந்ததே நம்பமுடியாத கதையாக இருக்கும்போது அதன்மேல் மேலும் சர்க்கரை தூவ வேண்டியிருக்கவில்லை. ஆயினும் ஓர் ஆலையை நம்பிப் பிழைக்கும் ஊரின் பிள்ளைகள் என்ற அதன் அடிப்படை, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் நிலைக்கு வேறெந்தப் பேஸ்பால் படத்தையும்விட நெருக்கமானது.

இவ்வகையில் துணிச்சலானவை வேறு வழி பார்த்தன. மைக்கேல் ரிச்சி இயக்கிய ‘தி பேட் நியூஸ் பேர்ஸ்’ 1976இல் தன் குழுவை இறுதியாட்டத்தில் தோற்கவிட்டது. சிகாகோவின் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றிய ‘ஹார்ட்பால்’ 2001இல் குழுவிலேயே இளைய சிறுவனைத் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி கொடுத்தது. தமிழில் சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிக் குழு’ 2009இல் தன் நாயகனை ஆடுகளத்திலேயே சாகவிட்டது. இந்த இரு மரணங்களும் ஒரே வேலையைச் செய்கின்றன: வெற்றி மட்டும் தாங்காத கனத்தைக் கதைக்கு ஏற்றுவது. ‘வெண்ணிலா கபடிக் குழு’வில் அது கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது. ஏனென்றால் சாதியும் ஊரும் வறுமையும் அதுவரை மெல்ல மெல்லச் சொல்லி வந்ததை ஒரு சாவு வந்து உரக்கச் சொல்லிவிடுகிறது. இருந்தாலும் கூலி வேலைக்கு நடுவே கபடி ஆடும் இளைஞர்களைக் காட்டியதில் அந்தப் படம் மான்டெர்ரே படத்தைவிட நேர்மையானது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் விளையாட்டு எப்படி நடந்தது என்று பார்த்தால், இந்தப் படங்கள் எதைக் காட்டின, எதைத் தவறவிட்டன என்பது தெளிவாகும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் திறந்த இருப்புப்பாதைப் பக்கத்து நிலங்கள் முதலில் காப்பிக்கும், 1900களின் தொடக்கத்திலிருந்து ரப்பருக்கும் திறக்கப்பட்டன. ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, நீலாய், கிழக்கே பகாவ், கெமஞ்சே என்று மாநிலம் முழுக்கத் தோட்டங்கள் பரவின. கங்காணி முறையில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் வந்தது. இந்திய அரசு 1938இல் தடை போட்டதோடு அந்த வரத்து நின்றது. அதற்குள் லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை உருவாகிவிட்டிருந்தது.

ஒரு தோட்டம் என்பது தன்னளவில் ஓர் ஊர். லயம், ஆயாக்கொட்டகை, மாரியம்மன் கோயில், தமிழ்ப் பள்ளி, கள்ளுக்கடை, பால் கொட்டகை, ஒரு பாடாங் (ஆட்டத் திடல்). 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. பாடாங்குக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அது துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், மனப்போக்கைப் பொறுத்தது. பந்தாட்டத்தில் ஆர்வமுள்ள துரை வாய்த்த தோட்டத்தில் கோல் கம்பமும் வலையும் கோப்பையும் இருந்தன. மற்ற இடங்களில் மாடு மேயும் புல்வெளியில் இரண்டு குச்சி நட்டு ஆட்டம் நடந்தது. விளையாட்டிலும் படிநிலை இருந்தது. துரைமாருக்குச் சிரம்பானில் சுங்கை ஊஜோங் கிளப் போன்ற இடங்கள். கிராணிமாருக்கு, அதாவது தோட்டத்து எழுத்தர்களுக்கு, ஸ்டாப் கிளப்பும் பூப்பந்தும். தொழிலாளிக்குப் பாடாங்கும் காற்பந்தும் சடுகுடுவும். காற்பந்து ஒன்றுதான் சில சமயம் இந்தப் படிகளைத் தாண்டியது. நன்றாக ஆடும் பால்வெட்டுக்காரன் கிராணியின் குழுவிலும் இடம் பிடித்தான்.

ஆட நேரம் கிடைத்தது பொழுது சாயும்போதுதான். விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுத்ததும் ஆணும் பெண்ணும் காட்டுக்குள் போய்விடுவார்கள். குளிர் இருக்கும்போதே சீவினால்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் அந்த நேரத்தை எவரும் தள்ளிப்போட முடியாது. முற்பகலில் மங்கிலிருந்து பால் சேர்த்து, வாளியைத் தூக்கி வந்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு வெளிக்காட்டு வேலை இருந்தால் அதுவும். பள்ளி இல்லாத நாட்களில் பிள்ளைகள் பெற்றோரோடு போய் ஒட்டுப்பால் பிய்த்தார்கள், மங்கு துடைத்தார்கள். பதினான்கு, பதினைந்து வயதில் நன்றாக ஓடும் பையனுக்குக் கால்கள் கிடைப்பது மாலை ஐந்து மணிக்கு. வெளிச்சம் போவது ஏழரைக்கு. மழை நாளில் சீவல் இல்லை, பலருக்குக் கூலியும் இல்லை. அன்றைக்கு ஆட நேரம் உண்டு, ஆனால் பாடாங்கில் முழங்கால் மட்டும் தண்ணீர்.

அண்டைத் தோட்டங்களுக்கிடையே போட்டிகள் நடந்தன. குழுவை ஏற்றிப் போனது பெரும்பாலும் தோட்டத்து லோரி. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் நிர்வாகத்தின் கையில். திருவிழாவை ஒட்டி நடந்த எழுவர் ஆட்டங்களில் பக்கத்துத் தோட்டத்து உறவினர் எல்லாம் வந்து கூடினார்கள். பெண் பார்ப்பதும் பழைய பகையைத் தீர்ப்பதும்கூட அந்தக் கூட்டத்திலேயே நடந்தன. அதே பாடாங்கில்தான் திரையும் விரிந்தது. தகவல் இலாகாவின் வண்டி வந்து அரசாங்கச் செய்திப் படங்களைக் காட்டியது; நிர்வாகமோ கோயில் குழுவோ ஏற்பாடு செய்த இரவுகளில் எம்.ஜி.ஆர். படங்கள் ஓடின. இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினால் அரங்கம் தயார். ஏழை இளைஞன் கடைசியில் வென்றே தீருவான் என்ற கதைவடிவத்தைத் தோட்டத்துப் பார்வையாளர்கள் பேஸ்பால் படங்களிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்கள் புல்லில் பாய் விரித்துப் பார்த்துப் பழகியது.

ஏணியின் அடுத்த படி எங்கே என்பதுதான் சிக்கல். லிட்டில் லீக்கில் ஊர்க் குழு வென்றால் மாவட்டம், மாநிலம் என்று தானாகவே மேலே போகும். தோட்டக் குழு வென்றால் கோப்பையோடு தோட்டத்துக்குத் திரும்பும். மாநிலக் குழுவின் கண்ணில் படுவதற்கு இருந்த வழி நகரத்து இடைநிலைப் பள்ளி. சிரம்பானின் செயின்ட் பால்ஸ், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளி போன்றவற்றில் நல்ல திடலும் பயிற்றுநரும் இருந்தார்கள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்து மலாயைத் தேற்றிக்கொண்டுதான் முதல் படிவத்துக்குப் போக முடியும். போன பிறகு பேருந்துப் பிரச்சினை. பள்ளி விட்டதும் தோட்டத்துக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்காவிட்டால் பல மைல் நடக்க வேண்டும். பயிற்சியோ பள்ளி விட்ட பிறகுதான் தொடங்கும். திறமையுள்ள பையன்கள் பலர் ஆட்டத்தை விட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. எந்தப் படத்திலும் வில்லனாக வராத ஒரு பேருந்து அட்டவணை எத்தனையோ பயிற்றுநர்களின் உரைகளைத் தோற்கடித்திருக்கிறது.

அதற்கும் அடியில் இருந்தது நிலம். தோட்டம் தனியார் சொத்து என்பதால் சுதந்திரத்துக்குப் பிறகு கிராமப்புறங்களுக்கு வந்த மின்சாரம், குழாய்நீர், சாலை, சமூக மண்டபம், திடல் எல்லாம் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றன. 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது லயத்தோடு பாடாங்கும் போனது. பி. பி. நாராயணன் நெகிரி செம்பிலானில் தோட்டத் தொழிலாளர் சங்கப் பணியைத் தொடங்கி, 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாவதில் முன்னின்றார். அந்தச் சங்கம் கூலிக்கும் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் போராட வேண்டியிருந்தது; அந்தப் பட்டியலில் ஆடுகளம் மேலே வர வாய்ப்பில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதே நிலத்துக்குக் குறைந்த ஆட்கள் போதும் என்றானது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி மலேசியரின் கைக்கு வந்தது; 2007இல் அது சைம் டார்பியோடு இணைந்தது. முதலாளியின் நாடு மாறியதால் பாடாங் தொழிலாளருக்குச் சொந்தமாகிவிடவில்லை. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் பழைய தோட்ட நிலங்கள் பல இன்று வீடமைப்புகளும் தொழிற்பேட்டைகளும் ஆகிவிட்டன.

இந்தப் பின்னணியோடு பார்க்கும்போது ‘ஓலா போலா’ எங்கே வெல்கிறது என்பதைச் சொல்வது எளிது. ஆட்டக் காட்சிகள் உண்மையானவை. நடிகர்கள் பந்து ஆடத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். கேமரா அவர்களோடு ஓடுகிறது. சேறும் பழைய காலணியும் கனத்துப்போன தோல்பந்தும் 1970களின் பிற்பகுதியைக் கண்முன் நிறுத்துகின்றன. பிரோன்ட் பலாராயே நடித்த வானொலி வர்ணனையாளர் ரஹ்மான் படத்துக்குக் கிடைத்த வரம்; தொலைக்காட்சி அரிதாக இருந்த தோட்டங்களில் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்து ஆட்டத்தைக் காதால் பார்த்தவர்களுக்கு அந்தக் குரலின் அருமை தெரியும். தலைவன் ‘தவுக்கே’க்கும் அலிக்கும் நடுவிலான பிணக்கு, புதிதாக வரும் ஆங்கிலப் பயிற்றுநர் ஹாரி மவுன்டன், பிரிந்து போய்த் திரும்பும் நட்பு எல்லாம் வகையின் இலக்கணப்படியே நடக்கின்றன, குறையில்லாமல் நடக்கின்றன.

முத்துவின் கதைதான் மெலிந்து நிற்கிறது. அவனுக்குத் தேங்காயை நம்பிப் பிழைக்கும் குடும்பம் இருக்கிறது. பந்தாட்டத்தைப் பிழைப்புக்கு உதவாத வேலையாகக் கருதும் தகப்பன் இருக்கிறார். தகப்பனின் கோபத்தைப் படம் நகைச்சுவைக்கும் நெகிழ்ச்சிக்கும் நடுவே வைத்திருக்கிறது. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ஒரு பையன் மாலையில் வேலைக்கு இல்லையென்றால் வீட்டுக்குள் எவ்வளவு வருமானம் குறையும், அதை எந்தத் தங்கையோ தம்பியோ ஈடுகட்ட வேண்டும் என்ற கணக்கு. அதைப் போட்டுக் காட்டியிருந்தால் தகப்பன் தடையாக இல்லாமல் ஒரு மனிதராகத் தெரிந்திருப்பார். மகன் நாட்டுக்காக ஆடுவதைக் கண்டு அவர் மனம் மாறுவதாகக் கதையை முடிக்கும்போது, கணக்கு அப்படியே இருக்க மனம் மட்டும் மாறுகிறது. தோட்டத்துத் தகப்பன்மாரில் பலர் மகன் ஆடுவதை எதிர்த்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடாங் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சத்தம் போட்டு ஊக்கப்படுத்தியவர்கள் அவர்கள். அவர்களால் முடியாமல் போனது அடுத்த படியை வாங்கித் தருவது.

முத்துக்குமாரைப் பார்க்கும் மலேசியர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் பெற்ற அந்தச் சிலாங்கூர் கோல் காவலர், 1970களிலும் 80களிலும் நாட்டின் முதன்மைக் காவலராக நின்றவர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார். அவரோடு ஆடிய சோ சின் ஆன், சந்தோக் சிங், சபாவின் ஜேம்ஸ் வோங், ஹசான் சானி ஆகியோரின் சாயல்களும் படத்தில் உண்டு. பெயர்களை மாற்றியது இயக்குநருக்குச் சுதந்திரம் தந்தது. அந்தச் சுதந்திரத்தை அவர் எல்லா இனமும் ஒன்றாகும் கதைக்கே பெரிதும் செலவழித்தார். மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபாக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். அந்த இடத்தை நிரப்பியதும் அவரவர் வர்க்கம் பின்னால் தள்ளப்படுகிறது. படத்தின் உச்சம் மெர்டேக்கா அரங்கின் வெற்றி. தகுதி பெற்றும் போக முடியாமற்போன மாஸ்கோ, தோட்டத்துப் பையனின் அனுபவத்துக்கு அதைவிட நெருக்கமான முடிவு: நன்றாக ஆடி வென்றபின், ஆட்டத்தோடு தொடர்பில்லாத ஓர் இடத்தில் எடுத்த முடிவால் வழி அடைபடுவது. தேசத்தை உற்சாகப்படுத்த வந்த படம் அதன்மேல் நீண்ட நேரம் நிற்க முடியாது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அங்கே ஓர் அரிய வாய்ப்பு கைநழுவியது.

‘ஓலா போலா’வுக்கு ஆறு வாரம் முன்பு, 2015 டிசம்பர் 17 அன்று வெளியான சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ விளையாட்டுப் படமே அல்ல. ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்காமல் எதையும் முழுதாக மதிப்பிட முடியாது. 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். 12 வயது அப்போய். படித்தே தீர வேண்டும் என்று அடிக்கும் தகப்பன் மணியம். குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பன் ‘மெக்சிகோ’. போதையிலிருந்து மீண்ட இன்னொரு சித்தப்பன் பாலா. அப்போய்க்குக் கற்பனையும் துடுக்கும் உண்டு. ஊக்கமூட்டும் படமொன்றில் இப்படிப்பட்ட பையனைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு பயிற்றுநர் கண்டுபிடித்திருப்பார். இங்கே யாரும் கண்டுபிடிப்பதில்லை. பள்ளி அவனைக் கைவிடுகிறது, கும்பல் ஏற்றுக்கொள்கிறது. குழு, சீருடை, கட்டுப்பாடு, தலைவனுக்கு விசுவாசம் என்று விளையாட்டுக் குழு தரக்கூடிய அத்தனையையும் கும்பலும் தருகிறது. பாடாங் இல்லாத இடத்தில் இளைஞனுக்கு எது கிடைக்கும் என்பதை ‘ஜகாட்’ காட்டுகிறது. பாடாங் இருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை ‘ஓலா போலா’ கனவு காண்கிறது. தடையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய முதற்படத்தில் ஆட்டம் இல்லை. ஆட்டத்தை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய இரண்டாம் படத்தில் தடை மங்கலாக இருக்கிறது.

2016இல் நடந்த 28ஆம் மலேசியத் திரைப்பட விழா இவ்விரண்டையும் வேறு விதத்தில் ஒன்றாக்கியது. வசனத்தின் பெரும்பகுதி மலாய் மொழியில் இல்லாததால் இரண்டு படங்களும் சிறந்த படத்துக்கான முதன்மைப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டு, தேசிய மொழியல்லாத படங்களுக்கான தனிப்பிரிவில் வைக்கப்பட்டன. திரைத்துறைக்குள்ளிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம், நடிகரும் இயக்குநருமான அஃப்ட்லின் ஷவுக்கி போன்றோர் வெளிப்படையாக விழாவைப் புறக்கணித்தார்கள். ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளை மாற்றியமைத்தார்கள். சிறந்த மலேசியப் படமாக ‘ஜகாட்’ தேர்வானது. இன ஒற்றுமையைக் கொண்டாடி எடுத்த ஒரு விளையாட்டுப் படமே முதலில் மொழியைச் சொல்லி வரிசையிலிருந்து ஒதுக்கப்பட்டது, அதன் நோக்கத்துக்கு யாரும் எழுதியிருக்க முடியாத ஓர் அடிக்குறிப்பு. ‘ஓலா போலா’ 2018இல் இஸ்தானா புடாயாவில் தியாரா ஜாக்குலினாவின் தயாரிப்பில் இசைநாடகமாகவும் மேடையேறியது. மக்களிடம் அதற்கிருந்த செல்வாக்கு குறையவில்லை.

இத்தகைய படங்கள் எங்கே முடிகின்றன என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். டிஸ்னியின் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ 2014இல் வந்தது, இசை ஏ. ஆர். ரகுமான். 2008இல் இந்தியாவில் நடந்த பந்து வீச்சுப் போட்டியொன்றில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரு உத்தரப் பிரதேச இளைஞர்களின் உண்மைக் கதை அது. இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் ஆடியதே இல்லை. சில மாதப் பயிற்சியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். படம் அந்தக் கையெழுத்தோடு முடிகிறது. அதிலும் பெரும்பகுதி, அவர்களைக் கண்டெடுத்த அமெரிக்க முகவரின் மனமாற்றத்துக்கே போகிறது. நிஜத்தில் கையெழுத்துக்குப் பிறகுதான் கதை தொடங்கியது. தினேஷ் படேல் 2010இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு சிங் கீழ்நிலை லீக்குகளில் சில ஆண்டுகள் ஆடி, காயங்களால் தேங்கி, 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். மான்டெர்ரேயின் மசியாஸ் பிறகு மெக்சிகோ லீக்கில் ஆடினார். கடைசி விசிலோடு முடியும் படம் இவற்றைச் சொல்லாததைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இரவில் படம் முடிந்து மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பார்வையாளருக்கு, விசிலுக்குப் பிறகு என்ன என்பதே முதற்கேள்வி.

நெகிரி செம்பிலான் குழு 1948இல் மலேசியக் கோப்பையை வென்று, அடுத்த வெற்றிக்கு 2009வரை காத்திருந்தது. 2011இல் மறுபடியும் வென்றது. அந்த ஆண்டுகளில் அக்குழுவுக்கு ஆடிய எஸ். குணாளன், 2010இல் கே. ராஜகோபாலின் பயிற்சியில் தென்கிழக்காசியக் கோப்பையை வென்ற தேசியக் குழுவிலும் இருந்தார். 2021இல் பாரோய் அரங்கைத் தாயகமாகக் கொண்ட நெகிரி செம்பிலான் குழுவை முதல்நிலை லீக்குக்கு உயர்த்தியவர் கே. தேவன். தமிழ்ப் பெயர்கள் மறையவில்லை. அவை வரும் வழி மாறியிருக்கிறது. இன்று தேர்வு நடப்பது விளையாட்டுப் பள்ளிகளிலும், 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் மாவட்ட மையங்களிலும். அங்கே ஏழெட்டு வயதிலேயே பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வாரம் பல நாள் ஏற்றி இறக்க வேண்டும். மாநிலத்தின் 61 தமிழ்ப் பள்ளிகளில் பல இன்னும் தோட்ட நிலத்திலோ அதன் ஓரத்திலோ இருக்கின்றன. மாணவர் குறைந்த சிறிய பள்ளிகளில் ஒரே வயதில் ஏழு பேர்கூடச் சேராததால், எழுவர் ஆட்டத்துக்கே வெவ்வேறு ஆண்டுப் பிள்ளைகளைக் கலந்து குழு அமைக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே, மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஃபுட்சால் அரங்குகளில் ஆடுகிறார்கள். முத்துக்குமாரின் பேரனைப் பற்றி இனி ஒரு படம் எடுப்பவர், தேங்காயையும் லோரியையும் விட்டுவிட்டு, அந்த வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.